தாராபுரம் வழியா, பழனி வழியா?

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் புறப்படும் வண்டிகள் ஒட்டன்சத்திரம் வரையில் ஒரே சாலையில் ஓடி, அதற்கப்பால் சில பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று மலையடிவாரத்தை ஒட்டியும், சில தாராபுரம், பல்லடம் என்று வறண்ட சமவெளியின் ஊடேயும் பிரிந்து போகின்றன. கோவையிலேயே இறங்குகிறவருக்கு இந்தப் பேதம் ஒரு பொருட்டன்று. உடுமலையில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கும் தாய்க்கோ, வண்டியின் நெற்றியில் பெரிதாய் ஒளிரும் 'கோவை'யினால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. அதன் அடியில் சிற்றெழுத்தில் ஒதுங்கிக் கிடக்கும் 'வழி'யே அவளுடைய பிரயாணத்தைத் தீர்மானிக்கிறது. அதுவும் மின்னெழுத்தாய் ஓடுகிற வண்டியாயிருந்தால், ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாய் வந்து மறையும் வரையில் அவள் மூட்டையும் கையுமாகக் காத்து நிற்க வேண்டும்.

ஆகையினால்தான் படிக்கட்டில் நின்று ஊர்களை அடுக்கிக் கூவும் நடத்துனரின் குரலை நம் ஜனங்கள் எந்தப் பலகையையும்விட அதிகமாய் நம்புகிறார்கள். "உடுமலை போகுமா அண்ணே?" என்றால், "போகாதும்மா, பின்னாடி வண்டி வருது" என்று பதில் கிடைக்கிறது.

ஒரு காலத்தில் வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரே பாதி வழியைச் சொல்லிற்று. சேரன் என்றால் கோவை, பாண்டியன் என்றால் மதுரை, தீரன் சின்னமலை என்றால் திருச்சி. திண்டுக்கல்லுக்கென்றே ராணி மங்கம்மாள் பெயரில் ஒரு கழகம் இருந்தது. கோவையிலிருந்து மதுரைக்குப் போகிற சேரனில் ஏறி ஏமாந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். பெயர்களை முன்னிட்டுச் சாதிக் கலவரங்கள் மூண்டமையால், 1997-இல் அரசு அவற்றையெல்லாம் நீக்கித் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப் பெயரை இட்டது. அந்நாளைய நிலைமையில் அது அவசியமான காரியமே. எனினும், எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமில்லாதவனுக்கு ஒரே பார்வையில் கிடைத்த அடையாளம் அத்துடன் போயிற்று.

அத்தகைய அடையாளத்தை வேண்டுமென்றே சிருஷ்டித்த நகரம் மெக்ஸிகோ. 1969-இல் அங்கே சுரங்க ரயில் தொடங்கியபோது, லான்ஸ் வைமன் என்ற சித்திரக்கலைஞர், வாசிக்கத் தெரியாதவரும் தம் நிலையத்தைக் கண்டுகொள்ளும் வண்ணம் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தனிச் சின்னம் வரைந்தளித்தார். லண்டன் சுரங்க ரயிலுக்கென 1916-இல் எட்வர்ட் ஜான்ஸ்டன் அமைத்த எழுத்தும், தூரத்தையும் திசையையும் துணிந்து புறக்கணித்துவிட்டு ஹாரி பெக் வரைந்து 1933-இல் வெளியான ரயில் படமும் உலகப் பிரசித்தம். ஆனால் நமக்கு உபயோகப்படுவது மெக்ஸிகோவின் யுக்திதான் என்பது என் அபிப்பிராயம். தைப்பூசத்திலும் பங்குனி உத்திரத்திலும் பழனிக்கு விரையும் கூட்டத்தில் தமிழ் வாசிக்கத் தெரியாத மலையாள யாத்திரிகர்களும் கலந்திருக்க, பழனி வழி வண்டிகளுக்கெல்லாம் ஒரு வேலோ மயிலோ போதாதா? அந்தச் சின்னம் வண்டி நிற்குமிடத்துக்கு மேலே மாத்திரம் அன்றி, பிரயாணிக்குச் சந்தேகம் முதன்முதல் எழும் இடமாகிய நுழைவாயிலிலும் இருக்க வேண்டும். அங்கே பிளெக்ஸ் பலகை கட்ட எவரையும் அனுமதிக்கலாகாது.

ரயில்வேயினர் இவ்விஷயத்தில் எவ்வளவோ மேல். மஞ்சளில் கறுப்பாய் எழுதிய அவர்கள் பலகை தூரத்திலேயே தெரிகிறது. கடல் மட்டத்துக்கு மேல் அவ்வூரின் உயரத்தைக்கூட, யார் கேட்டார்களோ, விடாமல் சொல்கிறது. கொடைக்கானல் ரோடு என்று படித்து இறங்குகிற வெளியூர்க்காரருக்கு மலைமேல் இன்னும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் இருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை.

மதுரை வண்டியின் சங்கதி இன்னும் சிக்கல். திண்டுக்கல்லிலிருந்து போகிறவை பெரும்பாலும் ஆரப்பாளையத்தில் நின்றுவிடும். ராமேசுவரத்துக்கோ திருநெல்வேலிக்கோ மேற்கொண்டு போக வேண்டியவர் மாட்டுத்தாவணிக்கு நகரத்தைக் கடந்து இன்னொரு பேருந்து பிடித்தாக வேண்டும். நேரே மாட்டுத்தாவணி செல்லும் வண்டிகளும் உண்டாகையால், நிலையத்தின் பெயரை 'மதுரை'க்குச் சமமான எழுத்தில் எழுதிவிட்டால், இரவு பத்து மணிக்குக் குழந்தைகளோடு இறங்குகிற குடும்பத்துக்கு ஓர் ஆட்டோ வாடகை மிச்சமாகும்.