கத்தி வைக்கும் முன்பே தொடங்கும் வைத்தியம்... தெரியுமா?

நெஞ்சுவலிக்காரர் ஒருவர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்தே கிட்டத்தட்டக் குணமானார் என்றால் நம்புவீர்களா? எழுதி வைத்தவர் லேசுப்பட்டவர் இல்லை. அந்த வலிக்கு ‘ஆஞ்சைனா’ என்று பெயர் வைத்த லண்டன் டாக்டர் வில்லியம் ஹெபர்டன்! 1802-ல் வெளியான அவர் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் அதற்கப்புறம் வெகுகாலம் மாரடைப்பு வந்தவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. 1952-ல் பாஸ்டன் டாக்டர்கள் லெவைனும் லவுனும் நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்றதே அன்றைக்குப் பெரிய கலகம்!

படுக்கை அப்படி என்ன செய்துவிடும்? 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கப் போட்டார்கள். முப்பது வருஷம் கழித்து அதே ஐவரையும் அழைத்துச் சோதித்தால்... முப்பது வருஷ மூப்பு தின்றதைவிட அதிகத் தெம்பை அந்த மூன்று வாரம் தின்றிருந்தது!

இப்போது பைபாஸுக்குத் தேதி வாங்கிக்கொண்டு காத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு நின்றுவிடுமோ என்று பயம். வீட்டிலோ தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்க விட மாட்டார்கள். உட்கார உட்காரக் கால் சதை வற்றும், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும், ‘ஐயோ, முற்றிவிட்டது’ என்று இன்னும் அழுத்தமாக உட்காருவார்.

கனடாவின் ஹாமில்டனில் இந்தச் சுழலைத்தான் உடைத்துப் பார்த்தார்கள். காத்திருந்த 249 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், கண்காணிப்புடன் உடற்பயிற்சி. மாதம் ஒரு முறை நர்ஸிடமிருந்து போன். 2000-ல் வந்த முடிவு: பயிற்சி பெற்றவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு நாள் குறைவு! காத்திருக்கும் நாட்களிலேயே வாழ்க்கை மேம்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். பாதி வேலையை அந்த போன்தான் செய்திருக்கும் என்பது என் சந்தேகம்.

சரி, பயிற்சியில் எவ்வளவு மூச்சு வாங்கலாம்? அதற்கும் மார்க் உண்டு. ஸ்வீடன்காரர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் 6-ல் தொடங்கி 20-ல் முடியும். இதென்ன விசித்திரக் கணக்கு? பத்தால் பெருக்குங்கள், ஆரோக்கியமானவரின் நாடித்துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும்! இதய நோயாளிக்குத் துடிப்பை அடக்கும் மாத்திரை இருப்பதால், நாடி பொய் சொன்னாலும் ‘எனக்கு இவ்வளவு கஷ்டமாயிருக்கு’ என்று அவர் சொல்லும் எண் கைகொடுக்கும்.

ஜெர்மனியின் மார்புர்க்கில் இன்னொரு வேடிக்கை. ஆபரேஷனுக்கு முன் உட்கார்ந்து பேசினார்கள், போனிலும் பேசினார்கள். எதைப் பற்றி? வீடு திரும்பியதும் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று! 124 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், அப்படிப் பேசியவர்கள் ஆறு மாதம் கழித்து அன்றாட வேலைகளில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் குறைவாகவே சிரமப்பட்டார்கள்.

ஆனால் ஒன்று. வால்வு ரொம்பச் சுருங்கியவருக்கும், சும்மா இருக்கும்போதே வலிப்பவருக்கும் இந்த நடை, பயிற்சி எல்லாம் ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்காமல் மரம் அறுக்கக் கிளம்பிவிடாதீர்கள்!

கை கால்களுக்கு மட்டுமல்ல, மூச்சுக்கும் தனிப் பயிற்சி உண்டு. அதைக் கொடுத்த நெதர்லாந்தின் உட்ரெக்ட் கணக்கைப் பாருங்கள். தினமும் 20 நிமிடம், குறைந்தது இரண்டு வாரம். பைபாஸுக்குப் பின் நிமோனியா 16 சதவீதத்திலிருந்து ஆறரையாக இறங்கியது! அங்கே கொடுத்தது மூச்சை இழுக்கும்போது எதிர்த்து நிற்கும் கருவி. நம்மூரில் கையில் தருவது மூன்று பந்துக் கருவி. அதை வாங்கியதும் பலரும் பலூன் மாதிரி ஊதிவிட்டு, பந்து ஏறவே இல்லையே என்று முழிப்பார்கள். ஊதக் கூடாது, இழுக்கணும்!