ஞாயிற்றுக்கிழமை நின்ற ஓடம்

இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளின் ஆற்றங்கரைகளில் சனிக்கிழமை காலையில் ஒரு காட்சியைக் காணலாம். மோட்டார் வண்டியின் கூரைமேல் நீண்ட துடுப்புத் தோணிகளைக் கட்டிக்கொண்டு சிறு சிறு கூட்டத்தார் வந்து இறங்குவார்கள். இரண்டு நாள் ஆற்றோடு போவதும், இரவில் கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதும் அவர்களுடைய உல்லாசம். இக்கூட்டங்களுள் கிறிஸ்தவ சபையினர் சேர்ந்து நடத்துபவையும் உண்டு. அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. ஞாயிறு ஓய்வு நாள். ஆண்டவனுக்கு உரிய நாள். அன்றைக்குத் துடுப்பைத் தொடலாமா, கூடாதா?

கேள்வி சிறியதுதான். ஆனால் இந்த விளையாட்டை ஐரோப்பாவில் பிரபலமாக்கிய மனிதருடைய வாழ்க்கையே இதற்கு ஒரு விடையாக இருப்பதால், நேயர்களுக்கு அவரை அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறோம்.

ஜான் மக்ரெகர் ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் 1825-ஆம் வருஷம் ஜனவரி மாதம் பிறந்தார். அவருடைய தந்தை 31-வது பட்டாளத்தில் உத்தியோகஸ்தர். நம் நாட்டை ஆள்வதற்காக அந்தப் பட்டாளத்தை வங்காளத்துக்கு ஏற்றிச் சென்ற ‘கெண்ட்’ என்னும் கப்பல், மார்ச்சு முதல் தேதியன்று பிஸ்கே விரிகுடாவில் தீப்பற்றிக்கொண்டது. மேலே நெருப்பு, கீழே கொந்தளிக்கும் கடல். ‘கேம்பிரியா’ என்ற சிறிய கப்பல் அவ்வழியே வந்து ஐந்நூறு பேருக்கு மேல் காப்பாற்றியது. அவர்களுள் ஐந்து வாரக் குழந்தையாகிய மக்ரெகரும் ஒருவர். தண்ணீர் அவரைக் கொள்ளை கொண்டிருக்க வேண்டியது. அவரோ தண்ணீரையே நேசித்து வளர்ந்தார்.

அவர் பாரிஸ்டர் பரீட்சையில் தேறியவர். ஆயினும் மனம் சென்றது லண்டன் தெருக்களில் கந்தலுடன் திரிந்த சிறுவர்களிடம். அவர்களுக்கென்று ஏற்பட்ட இலவசப் பள்ளிகளில் ஊக்கமாக உழைத்தார். 1851-இல் லண்டனில் மகா கண்காட்சி நடந்தபோது, வருவோருடைய பாதரக்ஷைகளுக்கு மெருகு போடும் தொழிலில் அச்சிறுவர்களை அமர்த்தினார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். சிறுவர்களின் வருமானத்தில் ஒரு பங்கு அவர்கள் பேருக்கே சேமித்து வைக்கப்பட்டது.

1865-இல் அவர் ‘ராப் ராய்’ என்னும் தோணியைக் கட்டுவித்தார். நீளம் 15 அடி; அகலம் 28 அங்குலம்; எடை 80 ராத்தல். இரு முனையிலும் அலகுள்ள துடுப்பு ஒன்று. மூன்று மாதத்துக்கு வேண்டிய சாமான்கள் ஓர் அடிச் சதுரமுள்ள ஒரே பைக்குள் அடக்கம். சாதாரணப் படகில் துடுப்பு வலிப்பவன் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். இதிலோ எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆற்றில் தண்ணீர் வற்றினால் தோணியை இழுத்துச் செல்லலாம், ரெயிலிலும் ஏற்றலாம். மூடிய மேல்தட்டும் இரட்டைத் துடுப்பும் அவருடைய சொந்தக் கற்பனை அல்ல. பனிக்கடலில் தோல் ஓடத்தில் வேட்டையாடி வயிறு வளர்த்த இனுயிட் மக்களின் அறிவு அது. பெயரும் புகழும் பெரும்பாலும் லண்டன்வாசிகளுக்கே போய்ச் சேர்ந்தன என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ரைன், டான்யூப், ஸீன் முதலிய நதிகளிலும் ஸ்விட்ஜர்லாந்தின் ஏரிகளிலும் ‘ராப் ராய்’ சென்றது. கரைகளில் ஜனங்கள் திரண்டு வேடிக்கை பார்த்தார்கள். மக்ரெகர் அவர்களுக்கு மதப் பிரசுரங்களை வழங்கினார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஓடம் நின்றுவிடும். காற்று அனுகூலமாயிருந்தாலும், வெள்ளம் வாவென்று அழைத்தாலும் அவர் நகரமாட்டார். கோவிலுக்குப் போவார், இளைப்பாறுவார். மறு வருஷம் அவர் எழுதிய புத்தகத்தைப் படித்துப் பலருக்கும் இந்த ஆசை பற்றிக்கொண்டது. அந்த 1866-ஆம் வருஷத்திலேயே ஒரு சங்கமும் தோன்றியது. அதுவே பிற்காலத்தில் ‘ராயல்’ என்னும் பட்டம் பெற்றது.

பின்பு சூயஸ், நைல், யோர்தான் என்று புண்ணிய பூமிவரை அவருடைய தோணி போயிற்று. 1869-இல் ஹுலே ஏரிப் பக்கத்தில் அராபியர் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதர் இறங்க மறுக்கவே, தோணியோடு தூக்கிச் சென்று தலைவனுடைய கூடாரத்தில் சேர்த்தார்கள். தலைவனுக்கு அவர் கொடுத்தது ஒரு சிட்டிகை உப்பு. அவன் சர்க்கரை என்று எண்ணி வாயில் போட்டுக்கொண்டான். உப்பைத் தின்றபின் பகை பாராட்டலாமா? உப்பிட்டவரை மறவாத வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று.

வீர சாகசக் கதைகளைச் சொல்லி அவர் நிகழ்த்திய பிரசங்கங்களின் வருமானம் தர்மங்களுக்கே போயிற்று. உல்லாசம் ஒரு சிலருக்கு. அதன் பயன் தெருச் சிறுவர் போன்ற ஏழைகளுக்கு. 1892-இல் அவர் காலமானார்.

இன்றைய கூட்டத்தார் அவரைவிட எச்சரிக்கையாகவே செல்கிறார்கள். எல்லோரும் மிதவைச் சட்டை அணிகிறார்கள். தேர்ந்தவர் ஒருவர் முன்னும், இன்னொருவர் பின்னும் வருவார்கள். ஓடம் கவிழ்ந்து வேகமான நீரில் விழுந்தவன் எழுந்து நிற்க முயலக் கூடாது. கற்களின் இடுக்கில் கால் சிக்கினால் வெள்ளம் அவனை அமுக்கிவிடும். மல்லாந்து, பாதங்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். சாய்ந்து கிடக்கும் மரங்களைக் கண்டால் தூரத்திலேயே விலக வேண்டும். கூட்டத்தில் மிகவும் மெதுவாகச் செல்பவருடைய வேகமே அனைவருடைய வேகமும் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கு அவர்கள் ஒரே விடை காணவில்லை. சிலர் சனிக்கிழமையோடு பிரயாணத்தை முடிக்கிறார்கள். சிலர் காலையில் கரையிலேயே கூடி ஜபம் செய்து, பிறகு தோணி ஏறுகிறார்கள். முன்னவர் மக்ரெகரைப் பின்பற்றுகிறார்கள்; பின்னவருக்கோ ஆறே ஆலயம். எவர் செய்வது சரியென்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வோம்: ஓட்டம் அனுகூலமாயிருக்கும் வேளையில் துடுப்பைக் கீழே வைப்பதற்கு, எதிர் ஓட்டத்தில் வலிப்பதைவிட அதிக மனவுறுதி வேண்டும்.