காத்திருக்கும் கூடத்தில் ஒரு காளான்
சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்களின் நுரையீரலைத் தாக்கும் நிமோனியா, மருத்துவமனையிலேயே தொற்றக்கூடும். தடுக்கும் மாத்திரையின் விலை மிகக் குறைவு.

அறுவை சிகிச்சை வெற்றி. புதிய சிறுநீரகமும் நன்றாக வேலை செய்கிறது. சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. வறட்டு இருமல், லேசான ஜுரம். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும்.

குற்றவாளியின் பெயர் நிமோசிஸ்டிஸ் ஜிரோவெசி. 1909ல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் இதைப் பார்த்தார்; வேறொரு ஒட்டுண்ணி என்று தவறாக நினைத்தார். 1981ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஐந்து இளைஞர்களை இது தாக்கியபோதுதான் எய்ட்ஸ் பற்றிய முதல் எச்சரிக்கை உலகுக்குக் கிடைத்தது. இது பூஞ்சைக் காளான் இனம் என்பதை மரபணு ஆய்வு உறுதி செய்தது 1988ல். வினோதம் என்னவென்றால், வழக்கமான பூஞ்சை மருந்துகள் பலவற்றுக்கு இது மசியாது. பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் கோட்ரிமாக்சசோல்தான் இதற்கும் முதல் மருந்து.

யாரிடமிருந்து யாருக்கு?

குழந்தைப் பருவத்தில் உடலுக்குள் புகுந்து உறங்கும் கிருமி, எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொள்கிறது என்றுதான் நெடுநாள் நம்பப்பட்டது. நெதர்லாந்தின் லைடன் நகரில் 2005-06ல் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 22 பேருக்கு இந்த நிமோனியா வந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பெரும்பாலோரிடம் இருந்தது ஒரே மரபணு வகை. ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, ஜப்பான் ஆகிய நாடுகளிலும் இதே கதைதான். நோயாளிகள் பலர் ஒரே நாளில் ஒரே புறநோயாளிகள் பிரிவுக்கு வந்து போயிருந்தார்கள். நோயாளியைச் சுற்றியுள்ள காற்றிலும் கிருமியின் மரபணுத் தடயம் கிடைத்தது. ஆரோக்கியமானவர்கள் அறிகுறியே இல்லாமல் இதைச் சுமக்கலாம்.

இந்தியாவுக்கு இது அன்னியச் செய்தி அல்ல. 2023ல் மட்டும் இங்கே 13,000க்கும் மேற்பட்ட சிறுநீரக மாற்று அறுவைகள் நடந்தன. பெரிய மருத்துவமனைகளின் நெரிசலான கூடங்களில், ரத்தப் பரிசோதனைக்காக வெளிமாநிலத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறார்கள். கீமோதெரபி பெறுபவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், எச்.ஐ.வி. தொற்று முற்றியவர்கள் ஆகியோருக்கும் இதே ஆபத்து உண்டு.

கண்டுபிடிப்பதும் எளிதல்ல. இருமலும் ஜுரமும் என்றால் இங்கே முதல் சந்தேகம் காசநோய் மீதுதான். இந்தக் கிருமியோ சாதாரண ஆய்வுக்கூடத்தில் வளராது. நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சாயமேற்றியோ, பி.சி.ஆர். முறையிலோ பார்க்க வேண்டும். சிறிய ஊர்களில் இந்த வசதி அரிது.

மாத்திரையும் இடைவெளியும்

தடுப்பதுதான் சுலபம். புற்றுநோயுள்ள குழந்தைகளை கோட்ரிமாக்சசோல் காப்பாற்றுகிறது என்பது 1977லேயே நிரூபணமானது. மாற்று சிகிச்சைக்குப் பிறகு மூன்று முதல் ஆறு மாதம்வரை இதைக் கொடுக்கச் சொல்கிறது 2009ம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். பல மையங்கள் இன்னும் நீட்டிக்கின்றன. சிக்கல், மாத்திரையை நிறுத்திய பிறகு. உடல் புதிய உறுப்பை நிராகரிக்க முயன்றால் எதிர்ப்புச் சக்தியை மேலும் அடக்க வேண்டியிருக்கும். அப்போது தடுப்பு மாத்திரையையும் மீண்டும் தொடங்குவது அவசியம். அலர்ஜி, ரத்தத்தில் பொட்டாசியம் கூடுவது போன்ற பக்க விளைவுகள் உள்ளவர்களுக்கு மாற்று மருந்துகள் உண்டு. தாமாக நிறுத்துவது மட்டும் கூடாது.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியவையும் செலவு வைப்பவை அல்ல. இந்த நிமோனியா உள்ளவரை, எதிர்ப்புச் சக்தி குன்றிய இன்னொருவருடன் ஒரே அறையில் வைக்கக் கூடாது. இருமுபவருக்கு முகக்கவசம், தனி நேரம், தனி இருக்கை. அடுத்தடுத்து இரண்டு மூன்று பேருக்கு நோய் கண்டால், அதே பிரிவுக்கு வரும் மற்றவர்களுக்கும் தடுப்பு மாத்திரை. வெளிநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் தொற்றுச் சங்கிலி அறுந்தது இப்படித்தான்.

உறவினர் ஒருவர் தன் சிறுநீரகத்தையே கொடுத்துக் காப்பாற்றிய உயிர், காத்திருக்கும் பெஞ்சில் பறிபோக வேண்டியதில்லை.