பிராடாவும் ஆரணிப் பட்டும்

1913-ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் மரியோ பிராடா தம் சகோதரருடன் ஒரு தோல்பொருள் கடையைத் தொடங்கினார். பயணப் பெட்டிகளும் கைப்பைகளும் விற்ற அக்கடை, 1919-இல் இத்தாலிய அரச குடும்பத்துக்குப் பொருள் வழங்கும் தகுதியைப் பெற்றது. மரியோவுக்குப் பின் மகள் லூயிசாவும், 1978 முதல் பேத்தி மியூசியாவும் நிறுவனத்தை நடத்தினர். அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற மியூசியா, தோலுக்குப் பெயர்போன நிறுவனத்தில் நைலான் கைப்பைகளைச் செய்து, அவற்றையும் ஆடம்பரப் பொருள்களாக்கினார். 2011-இல் ஹாங்காங் பங்குச் சந்தையில் பிராடா பட்டியலிடப்பட்டது.

நைலான் விலையுயர்ந்த பொருள் அன்று. வாடிக்கையாளர் தந்த விலையில் பெரும்பகுதி பெயருக்கானது. ஆடம்பரத் தொழிலின் அடிப்படைப் பொருளாதாரம் இதுவே.

அப்பெயர் நம் நாட்டுக் கைவினையோடு மோதியது 2025 ஜூனில். மிலானில் பிராடா காட்சிப்படுத்திய காலணிகள் கோலாப்பூர் செருப்புகளை ஒத்திருந்தன. அவற்றின் பூர்விகம் குறிப்பிடப்படவில்லை. எதிர்ப்புக்குப் பின்னரே நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது. கோலாப்பூர் செருப்புக்கு 2019-இலேயே புவிசார் குறியீடு உண்டு. ஆனால், அக்குறியீடு காப்பது பெயரைத்தான். பெயரைச் சொல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்பவரை அது எளிதில் தடுக்காது. மேலும், இந்தியச் சட்டத்தின் எல்லை இந்தியாவோடு முடிகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணிப் பட்டும் புவிசார் குறியீடு பெற்றதே. அதன் நெசவாளர்கள் பலர், பட்டு நூலையும் ஜரிகையையும் உற்பத்தியாளரிடம் பெற்று, வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவர்கள். சேலை நகரத்துக் கடையை அடைந்ததும், கடையின் பெயர் பொறித்த பையில் வாடிக்கையாளரைச் சேர்கிறது. ஊர்ப்பெயரும் நெய்தவர் பெயரும் வழியிலேயே நின்றுவிடுகின்றன. பெயர் யாரிடம் இருக்கிறதோ, லாபத்தின் பெரும்பங்கும் அவரிடமே சேரும்.

சான்றிதழ் மட்டுமே சந்தையில் பெயரை உருவாக்கிவிடாது. புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி நெசவாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். முதல் பணி அது. 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ், நெய்தவரின் படத்தையும் விவரத்தையும் சேலையோடு இணைத்து விற்றுக் காட்டியிருக்கிறது. அந்த முறை ஆரணிச் சேலைகள் அனைத்துக்கும் விரிய வேண்டும். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் கிரிவலம் வரும் திருவண்ணாமலையில், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நிலையான விற்பனை வளாகம் ஒன்றை மாவட்ட நிர்வாகம் அமைத்துத் தரலாம்.

பிராடாவின் பெயர் நூறாண்டுகளில் வளர்ந்தது. ஆரணிக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பலன் தறியை எட்டுவதற்கான வழியைத்தான் நாம் அமைக்க வேண்டும்.