அந்நிய நாட்டில் தனிவழிப் பயணமும் இளைஞர் விடுதிகளும்

வழிப்போக்கருக்கு ஒதுங்க இடமளித்தலை நம் முன்னோர் பேரறமெனக் கொண்டனர். பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கூரையமைத்து நிற்கும் தெருமூடிமடத்தைக் கண்டோர் இதனை நன்குணர்வர். சுமைதாங்கியும் கேணியும் ஆவுரோஞ்சிக் கல்லும் அத்தகைய மடங்களின் சுற்றத்தார் எனலாம். ஆயின், கடல்கடந்து அந்நிய நாட்டிற்குத் தனியே புறப்படும் ஒருவன் அங்கு எம்மடத்தை நாடுவது? கைநிறையப் பொருளுடையோர் ஹோட்டலுக்குச் செல்லலாம்; அல்லாதார் நிலை யாது? இவ்வினாவிற்கு ஐரோப்பாவில் எழுந்த விடையே இளைஞர் விடுதி. அது ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் சிந்தையிற் பிறந்தது. அதற்கு முதன்முதல் இடந்தந்ததும் ஒரு வகுப்பறையே. கல்லூரி மலரொன்றில் இதனைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு இதுவே காரணமாம்.

ஜேர்மனி நாட்டின் மேற்குப் பகுதியில் அல்தெனா என்னும் சிற்றூர் உளது. அங்கு ஆசிரியராயிருந்தவர் றிச்சாட் ஷிர்மன் என்பவர். தொழிற்சாலைப் புகைக்கிடையே வளரும் பிள்ளைகள் காடும் மலையும் காணாதிருத்தல் கல்வியாகாது என்பது அவர்தம் கொள்கை. ஆதலின் மாணாக்கரை அழைத்துக்கொண்டு பலநாட் கால்நடைப் பயணஞ் செய்வது அவர் வழக்கம். 1909 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 26 ஆந் தேதி அத்தகைய பயணமொன்றில் கடும் இடிமழை அவர்களைப் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்க இடங் கிடைத்தது. அயலிலிருந்த கமக்காரரொருவர் வைக்கோல் கொடுத்துதவினார். பிள்ளைகள் அயர்ந்துறங்க, ஆசிரியர் மாத்திரம் மின்னலையும் மழையையும் பார்த்தவண்ணம் விழித்திருந்தார். விடுமுறைக் காலத்தில் நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றனவே. ஒருநாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக அவற்றைத் திறந்துவிட்டாலென்ன என்ற எண்ணம் அவ்விரவில் அவருக்கு உதித்தது.

அவர் வகுத்த திட்டம் மிக எளியது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்றாக இரு வகுப்பறைகள் போதும். வாங்குகளை ஒருபுறம் அடுக்கிவிட்டு, வைக்கோல் திணித்த மெத்தைகளை நிலத்தில் விரித்தல் வேண்டும். படுத்தவிடத்தைப் படுத்தவரே துப்புரவு செய்தல் வேண்டும். தாம் கற்பித்த பள்ளிக்கூடத்திலேயே இதனை நடத்திக் காட்டினார். பின்னர் 1912 ஆம் ஆண்டில் அல்தெனாவின் பழைய மலைக்கோட்டையில் நிலையான விடுதியொன்று திறக்கப்பட்டது. மூன்றடுக்குக் கனத்த மரக்கட்டில்களோடு கூடிய அவ்வறைகள் இன்றும் காட்சியிடமாகப் பேணப்பட்டு வருகின்றன. நம் கல்லூரி விடுதியிலே வரிசைக் கட்டில்களிற் படுத்தெழும்பிய பழைய மாணவருக்கு அக்காட்சி புதுமையாகத் தோன்றாது.

ஷிர்மனின் வரலாற்றில் வேறொரு செய்தியும் உண்டு. என் உள்ளத்தில் ஆழப் பதிந்தது அதுவே. முதலாம் உலகப் போரில் அவர் போர்வீரராக வோஸ் மலைப்பகுதியில் நின்றார். 1915 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று ஜேர்மன் வீரரும் பிரெஞ்சு வீரரும் தாமாகவே சுடுதலை நிறுத்தி, கைவிடப்பட்ட சுரங்க வழிகளினூடே சென்று ஒருவரையொருவர் கண்டு உணவுப் பண்டங்களைப் பரிமாறிக்கொண்டனர். அதனைக் கண்ணாரக் கண்டவர் அவர். எல்லா நாட்டு இளைஞரும் சந்தித்துப் பழகுதற்கு இடங்கள் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பெற்றது இதன் பின்னரே. 1919 இல் ஜேர்மன் விடுதிச் சங்கமும், 1930 இல் இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் சங்கமும் தோன்றின. 1932 இல் பல நாட்டுச் சங்கத்தினரும் அம்ஸ்ரடாம் நகரிற் கூடிச் சர்வதேச இணையத்தை நிறுவினர். ஆனால், அடுத்த ஆண்டிலேயே ஹிட்லரின் ஆட்சி ஜேர்மனியின் விடுதிகளனைத்தையும் தன் இளைஞர் படையின் கையில் ஒப்படைத்தது. தாம் கட்டியெழுப்பிய சங்கத்தை ஷிர்மன் இழந்தார். 1936 இல் சர்வதேசத் தலைமைப் பதவியையும் துறக்க நேர்ந்தது. அந்நியரைச் சிநேகிதராக்குதற்கென எழுந்த கூரைகளின்கீழ் அந்நியரைப் பகைக்கும் பாடம் ஓதப்பட்டதை அவர் தம் வாழ்நாளிலேயே காண வேண்டியதாயிற்று. போர் முடிந்தபின் அவ்விடுதிகளை மீளக் கட்டும் பணியிலே ஈடுபட்டு, 1961 இல் அவர் காலமானார்.

தொடக்க காலத்து விதிகள் கடுமையானவை. இங்கிலாந்தில் ஓரிரவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கால்நடையாகவோ சைக்கிளிலோ வருவோருக்கே இடமுண்டு. மோட்டார் வண்டியில் வந்திறங்குவோர் வரவேற்கப்படார். காலையிற் கூட்டுதல், விறகு பிளத்தல், பாத்திரங் கழுவுதல் முதலாய வேலைகளில் ஒன்றைச் செய்து முடித்த பின்னரே புறப்படலாம். இவ்விதிகள் காலப்போக்கில் நெகிழ்ந்துவிட்டன. சங்கங்களைச் சாராத தனியார் விடுதிகளும் இப்பொழுது நகரந்தோறும் மலிந்துள்ளன. 'இளைஞர்' என்ற சொல்லைக் கண்டு முதியோர் அஞ்சவேண்டியதில்லை. பெரும்பாலான விடுதிகளில் வயதெல்லை கிடையாது. நரைத்த தலையுடன் மேற்கட்டிலில் ஏறியிறங்கும் வித்தையை நானே என் ஐம்பத்தெட்டாம் வயதிற் பயின்றவன்.

தனியே செல்பவன் அறையை வாடகைக்கு எடுப்பதில்லை. ஒரு கட்டிலை மாத்திரமே எடுக்கிறான். நால்வரோ எண்மரோ பன்னிருவரோ ஓரறையிற் படுப்பர். பெண்களுக்கெனத் தனியறை பல விடுதிகளில் உண்டு. தனித்துச் செல்லும் நம் பெண்பிள்ளைகள் அதனை முன்கூட்டியே கேட்டு ஒதுக்குவித்தல் நன்று. பொருளை வைத்துப் பூட்ட அலமாரி இருக்கும், பூட்டு இராது. நல்ல ஆமைப்பூட்டொன்றை ஊரிலிருந்தே கொண்டு செல்க. படுக்கைவிரிப்பை விடுதியாரே கொடுப்பர். சொந்தப் படுக்கைப் பையை விரிக்கப் பலவிடங்களில் அனுமதியில்லை, மூட்டைப்பூச்சிக்கு அஞ்சியே இவ்விதி. நீங்களும் படுக்குமுன் மெத்தையின் தையலோரங்களை ஒருமுறை நோக்குதலிற் குற்றமில்லை.

தனிமைதான் எல்லாவற்றினும் பெரிய இடர். ஹோட்டல் அறையில் ஒருவன் காய்ச்சலாய்க் கிடந்தால் மறுநாள் அறையைத் துப்புரவாக்க வருபவரே அதனை அறிவர். பலர் படுக்கும் அறையிலோ, இரவெல்லாம் இருமினால் யாரேனும் ஒருவர் கேட்பர், சினந்தாயினும் கேட்பர். மலையேறப் புறப்படுபவன் எவ்வழியே போகிறான், எப்பொழுது திரும்புவான் என்பதை விடுதிப் பொறுப்பாளரிடம் சொல்லிச் செல்வது பழைய வழக்கம். கைத்தொலைபேசி எங்கும் எட்டும் என்று நம்பி இளைஞர் இதனைக் கைவிடுதல் தவறு. மலையிடுக்குகளில் அது ஊமையாகிவிடும்.

சைவ உணவினருக்கு விடுதியின் பொதுச் சமையலறை ஒரு வரப்பிரசாதம். சட்டியும் அடுப்பும் அங்கே உண்டு. அரிசியும் பருப்பும் எந்நகரத்திலும் கிடைக்கும். தூளை மட்டும் ஊரிலிருந்து ஒரு சிறு போத்தலிற் கொண்டு சென்றாற் போதும். மரக்கறியென்று கேட்டு வாங்கியதில் மீன் மிதப்பதைக் கண்டு பட்டினி கிடக்கும் துன்பமில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. ஸ்கொத்லாந்தில் ஒரு விடுதியில் நான் எண்ணெயைச் சூடேற்றி, செத்தல் மிளகாயும் கடுகும் தாளித்தேன். எழுந்த புகை கூரையிலிருந்த அபாய மணியைத் தட்டியெழுப்பிவிட்டது. ஒக்டோபர் மாதத்துக் குளிரில், உறங்கும் உடையோடு முப்பது பேர்வரை முற்றத்தில் நின்றனர். தீயணைப்புப் படையினர் வந்து என் சட்டியை உற்றுநோக்கி, ஒன்றும் பேசாது திரும்பினர். நான் ஒவ்வொருவரிடமும் சென்று மன்னிப்புக் கேட்டேன். கொரிய நாட்டு மாணவி ஒருத்தி மாத்திரம், மணம் நன்றாக இருக்கிறது, மீதியுண்டா என்று வினவினாள். அன்றிரவு எண்மர் கூடி அப்பருப்பை உண்டோம். அவர்களில் ஒருவர் இருமாதங் கழித்து யாழ்ப்பாணத்தில் என் வீட்டுத் திண்ணையில் வந்திருந்தார்.

இலங்கைக் கடவுச்சீட்டுடையோருக்குப் பயணத்தின் முதற் கண்டம் விசாவே. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விண்ணப்பிப்போர் ஒவ்வோரிரவும் எங்கே தங்குவர் என்பதற்குச் சான்று காட்டல் வேண்டும். விடுதியிற் கட்டில் ஒதுக்கிய பற்றுறுதிச் சீட்டை இதற்குச் சமர்ப்பிக்கலாம். பணம் திருப்பித் தரத்தக்க முறையில் ஒதுக்குதல் புத்தி; விசா மறுக்கப்படின் கட்டணமும் போய்க் கட்டிற் பணமும் போகக்கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். சங்க விடுதிகள் பலவற்றில் அங்கத்துவ அட்டை உடையோருக்குக் கட்டணம் குறைவு. சில நாடுகளில் அவ்வட்டையின்றி இடமே தரார்.

புறப்படும் நாட்காலையில் விரிப்பையும் தலையணை உறையையும் களைந்து, சொல்லிய கூடையில் இடுதல் வழக்கம். எஞ்சிய அரிசி, உப்பு, தேயிலை முதலியவற்றைச் சுமக்கவும் வேண்டாம், எறியவும் வேண்டாம். சமையலறையில் எவரும் எடுக்கலாமெனப் பொதுவான தட்டு ஒன்றிருக்கும். அதில் வைத்துவிட்டுச் செல்லலாம். நான் என் தூள்போத்தலை வைத்தபோது, அதன்மேல் 'மிக உறைப்பு' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவைத்தேன்.