ஒத்துழைப்புச் சோதனைகளில் சட்டக விளைவும் பாலினமும்

சட்டக விளைவு என்பது, ஒரே ஆட்டம் வெவ்வேறு பெயர்களில் அல்லது சொற்களில் அறிமுகப்படுத்தப்படும்போது பங்கேற்பாளர்களின் முடிவுகள் மாறுபடுவதைக் குறிக்கும். விதிகளும் பரிசுத் தொகையும் மாறாதவரை முடிவும் மாறாது என்பது மரபுவழிப் பொருளியலின் எடுகோள் ஆகும். சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. மேலும், இவ்விளைவு ஆண்களிடமும் பெண்களிடமும் ஒரே அளவில் காணப்படுவதில்லை.

கைதியின் இக்கட்டு

இத்தகைய சோதனைகளில் பரவலாகப் பயன்படுவது ஆட்டக் கோட்பாட்டின் கைதியின் இக்கட்டு ஆகும். இருவர் கலந்து பேசாமல், ஒத்துழைப்பதா கைவிடுவதா என முடிவு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, இருவரும் ஒத்துழைத்தால் தலா 40 ரூபாய் கிடைக்கும். இருவரும் கைவிட்டால் எதுவும் கிடைக்காது. ஒருவர் மட்டும் கைவிட்டால் அவருக்கு 80 ரூபாய் கிடைக்கும், மற்றவர் 20 ரூபாய் இழப்பார். தனித்தனியே கணக்கிட்டால் கைவிடுவதே இலாபம். இருவரும் அவ்வாறே கணக்கிட்டால் இருவருக்கும் ஒன்றுமில்லை.

பெயரின் விளைவு

வர்தா லிபர்மன், ஸ்டீவன் சாமுவேல்ஸ், லீ ராஸ் ஆகியோர் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களுள் சிலருக்கு இவ்வாட்டம் "வால் ஸ்ட்ரீட் ஆட்டம்" என்றும், ஏனையோருக்குச் "சமூக ஆட்டம்" என்றும் அறிமுகப்படுத்தப்பட்டது. முதற்பிரிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரும், இரண்டாம் பிரிவில் மூன்றில் இரு பங்கினரும் ஒத்துழைத்தனர். யார் ஒத்துழைப்பார், யார் மாட்டார் என மாணவர்களை நன்கறிந்த விடுதி ஆலோசகர்கள் முன்கூட்டியே கணித்திருந்தனர். அக்கணிப்பு பயன்படவில்லை, ஆளை விடப் பெயரே முடிவைத் தீர்மானித்தது.

பெயர் எவ்வாறு செயற்படுகிறது? டோர் எலிங்சென் குழுவினர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒருவர் முதலில் முடிவெடுத்து, மற்றவர் அதை அறிந்தபின் முடிவெடுக்கும் வகையில் ஆட்டத்தை மாற்றியபோது பெயரின் விளைவு மறைந்தது. அதாவது, பெயர் ஒருவரின் விருப்பத்தை மாற்றுவதில்லை. எதிரில் இருப்பவர் என்ன செய்வார் என்ற எதிர்பார்ப்பையே மாற்றுகிறது.

பாலினம்

பெண்கள் இயல்பாகவே ஒத்துழைப்பவர்கள் என்பது பரவலான கருத்து. சோதனைகளின் முடிவுகளோ ஒன்றுக்கொன்று முரண்பட்டே வந்துள்ளன. பெண்களின் முடிவுகள் சூழற்குறிப்புகளுக்கேற்பக் கூடுதலாக மாறுவதே இதற்குக் காரணம் என ரேச்சல் குரோசன், யூரி நீசி ஆகியோர் 2009 இல் விளக்கினர். எலிங்சென் குழுவினரின் 2013 ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு ஒத்துப்போகிறது: "பங்குச் சந்தை ஆட்டம்" என்பதைச் "சமூக ஆட்டம்" என மாற்றியபோது பெண்களின் ஒத்துழைப்பு கூடியது, ஆண்களிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. ஆகவே வழிமுறைத் தாளின் சொற்களைக் குறிப்பிடாமல் கூறப்படும் பாலின ஒப்பீடுகளை ஐயத்துடனேயே நோக்க வேண்டும்.

இணையாக அமைபவர் யார் என்பதும் முக்கியமானது. டேனியல் பாலியட் குழுவினர் 2011 இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், ஒட்டுமொத்தமாக இருபாலாருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் ஆணும் பெண்ணும் கலந்த ஆட்டங்களில் பெண்கள் சற்றுக் கூடுதலாக ஒத்துழைத்தனர்; ஒரே பாலினத்தவர் ஆடியபோது ஆண்களே கூடுதலாக ஒத்துழைத்தனர்.