ஆட்டம் போட வைத்து அரசியல் பேசிய 'ஜிப்சீஸ்'!

'சுராங்கனி' பாட்டைக் கேட்டால் கால்கள் தானாக ஆடுமே... அந்த இசையின் பெயர் பைலா. போர்ச்சுக்கீசிய மொழியில் 'பைலார்' என்றால் 'ஆடுவது'. 1505-ல் இலங்கைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்றது. அவர்களோடு வந்த ஆப்பிரிக்கர்களின் தாளமும் இதில் உண்டு.

இந்த பைலாவை ஐம்பது ஆண்டுகள் மேடையேற்றிய குழு, மொரட்டுவையின் 'ஜிப்சீஸ்'. அன்டன் பெரேரா தன் பிள்ளைகளை வைத்து 1970-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. முன்னணிப் பாடகர், மகன் சுனில் பெரேரா.

விருந்துகளில் ஆட வைத்த சுனில், அத்துடன் நிற்கவில்லை. 'ஐ டோன்ட் நோ வை' பாடலில் நாட்டு நடப்பைக் கிண்டலடித்தார். பேட்டிகளில் அரசியல்வாதிகளின் ஊழலை வெளிப்படையாகச் சாடினார்.

கொரோனா பாதிப்புக்குப் பின், 2021 செப்டம்பர் 6-ல், 68 வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி. காலிமுகத்திடலில் திரண்ட மக்கள் கேட்டதும் சுனில் கேட்ட கேள்விகளைத்தான்!